செஞ்சோறு இட்டவர் யார்?

1952ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்துக் கால்பந்து அணி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஓர் ஆட்டம் ஆடியது. தலா ஒரு கோலுடன் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அந்தப் பயணத்தில் டாம் ஃபின்னி என்னும் ஆட்டக்காரரை இளவரசர் ஒருவர் அணுகினார். சிசிலித் தீவின் பலெர்மோ அணிக்குத் தலைவராக இருந்த ரொபெர்ட்டோ லான்ஸா தி திராபியா என்பவர் அவர். தம் அணிக்கு வந்து ஆடினால் கையெழுத்திடும் நாளிலேயே 10,000 பவுண்டு தருவதாகவும், கடலோரத்தில் ஒரு மாளிகையும் காரும் உண்டு என்றும் அவர் சொன்னார். அப்போது இங்கிலாந்தில் ஒரு கால்பந்து ஆட்டக்காரர், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வாரத்துக்கு 14 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறக்கூடாது என்பது விதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கையெழுத்துப் பணம் மட்டுமே ஏறத்தாழ 14 ஆண்டு ஊதியம்.

ஃபின்னி பிரஸ்டன் நகரத்துக்காரர். அங்கே பிரஸ்டன் நார்த் எண்ட் அணியில் ஆடினார். குழாய் வேலை கற்ற பிளம்பர். ஊர் திரும்பியதும் தம் கிளப்பின் தலைவரிடம் போய் இந்த அழைப்பைச் சொன்னார். தலைவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்கும் ஆட முடியாது என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அது மிரட்டலும் இல்லை. சட்டப்படி அதுவே உண்மை நிலை. ஃபின்னி மேலும் எட்டாண்டு பிரஸ்டனுக்கே ஆடி 1960இல் ஓய்வு பெற்றார். லீக்கில் 433 ஆட்டங்கள், 187 கோல்கள். முதல் டிவிஷன் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒருமுறைகூட அவர் கைக்கு வரவில்லை. அவர் போன அடுத்த ஆண்டே பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2004இல் பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். மழைநீர் தேங்கிய ஆடுகளத்தில் தண்ணீரைச் சீறியடித்தபடி அவர் சறுக்கும் காட்சி அது.

விசுவாசமான ஆட்டக்காரர் யார் என்று இங்கிலாந்தின் பழைய ரசிகர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஃபின்னியின் பெயரும் ஒன்று. இன்றைய ஆட்டக்காரரை ஏசும்போதும் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அந்தப் புகழுக்கு முற்றிலும் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1952இல் அவர் விசுவாசத்தால் தங்கினாரா, கட்டிப்போட்டதால் தங்கினாரா என்று அறிய வழியே இல்லை. தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை யாரும் அவருக்குத் தரவில்லை.

(கிளப் என்ற சொல்லையே ஆள்கிறேன். கழகம் என்று எழுதலாம்தான். ஆனால் கழகம், விசுவாசம், அணிமாற்றம் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார்.)

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் நினைவுக்கு வராமல் இராது. கர்ணனும் கும்பகருணனும் அந்தக் கடனைக் கழிக்க உயிரைக் கொடுத்தவர்கள். தமையன் செய்தது தவறென்று தெரிந்தும் கும்பகருணன் களத்துக்குப் போகிறான். வீடணன் அறத்தின் பக்கம் என்று எதிரணிக்குப் போகிறான். இருவரில் சிறந்தவர் யார் என்று எத்தனை பட்டிமன்றங்கள் நடத்தியும் நமக்கு அலுக்கவில்லை. ஆயினும் அந்தப் பட்டிமன்றங்களில் ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை கிடையாது. சோறு இட்டவன் யார் என்பதில் இரு தரப்புக்கும் குழப்பமில்லை. கால்பந்திலோ அதுவே குழப்பம். ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது கிளப். அந்தக் கூலிக்கான காசு வாரந்தோறும் நுழைவாயிலில் சீட்டு வாங்கியவரின் பையிலிருந்து வந்தது. ஆகவே சோறு இட்டவன் நான் என்று ரசிகர் நினைக்கிறார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் எங்கும் கிடையாது. ரசிகரின் கோபத்துக்கு மூலம் இதுதான் என்பது என் எண்ணம். அதை விளங்கிக்கொள்ள ஃபின்னிக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால் போகவேண்டும்.

லங்காஷயரில் டார்வென் என்றொரு பஞ்சாலை ஊர். 1878 வாக்கில் ஸ்காட்லாந்தின் பார்ட்டிக் ஊரிலிருந்து ஃபெர்கஸ் சூட்டர் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். தொழில் கல்தச்சு. வந்த பிறகு கல்தச்சு வேலையை விட்டுவிட்டார். இங்கிலாந்துக் கல் கடினமாக இருக்கிறது, கை வீங்குகிறது என்று காரணம் சொன்னதாகக் கதை உண்டு. கல்லை விட்டவர் எப்படிச் சாப்பிட்டார் என்பது ஊரறிந்த ரகசியம். கால்பந்தில் பணம் வாங்கி ஆடுவது அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. விளையாட்டு கனவான்களுக்கு உரியது, கனவானுக்குக் கூலி எதற்கு என்பது லண்டனில் இருந்தவர்களின் கொள்கை. ஆலைத் தொழிலாளி சனிக்கிழமை வேலையை விட்டு ஆடப் போனால் கூலி போய்விடும் என்பது அவர்கள் அறியாதது.

1879இல் டார்வென் அணி எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதியில் ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியைச் சந்தித்தது. ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் 5-1 என்று பின்தங்கியிருந்த ஆலைக்காரர்கள் கடைசியில் 5-5 என்று கொண்டுவந்துவிட்டார்கள். மறுஆட்டம் 2-2. மூன்றாவதில்தான் 6-2 என்று தோற்றார்கள். மூன்று ஆட்டமும் லண்டனில். ஒவ்வொரு முறையும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய்வர வேண்டும். அந்தப் பயணச் செலவுக்கு ஊரே காசு திரட்டியது. இந்தச் செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். டார்வென் ரசிகர் சோறிட்டவர் என்பது அங்கே உவமை இல்லை. ஆலையில் நூற்ற பென்னிகளைத் தட்டில் போட்டுத்தான் சூட்டரை லண்டனுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 1880இல், சூட்டர் பக்கத்து ஊரான பிளாக்பர்னின் ரோவர்ஸ் அணிக்குப் போய்விட்டார். நான்கைந்து மைல் தூரம்தான். கூடுதல் பணம் கிடைத்தது என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். யாரும் மெய்ப்பிக்க முடியவில்லை. இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றில் ஊர்க்காரர்களால் துரோகி என்று வெறுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர்களில் ஒருவராக அவரைச் சொல்லலாம். அவ்வாண்டு இரு அணிகளும் மோதியபோது கூட்டம் ஆடுகளத்துக்குள் புகுந்து ஆட்டம் முடியாமலே நின்றது. டார்வென்காரர்களின் நிலைமை விசித்திரமானது. எங்கள் காசைத் தின்றுவிட்டுப் போனான் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. சொன்னால் தாங்களும் விதியை மீறிக் காசு கொடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். சூட்டர் பிளாக்பர்னுக்காக 1884, 1885, 1886 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்றார். டார்வென் சில ஆண்டு லீக்கில் ஆடி, 1899இல் அதிலிருந்து வெளியேறி, பழைய கிளப் 2009இல் கலைக்கப்பட்டது. சூட்டரின் கதையை 2020இல் ஒரு தொலைக்காட்சித் தொடராகவே எடுத்தார்கள். அதில் காலவரிசை சற்று முன்பின்னாகக் கிடக்கும் என்பதைப் பார்ப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

1884இல் பிரஸ்டன் கிளப்பை நடத்திய வில்லியம் சடெல், ஆட்டக்காரர்களுக்கு உதவி செய்வது உண்மைதான், எல்லோரும் செய்கிறார்கள் என்று துணிந்து ஒப்புக்கொண்டார். பிரஸ்டனை அவ்வாண்டுக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் உண்மை வெளிவந்த பிறகு பழைய கொள்கை தாங்கவில்லை. 1885 ஜூலை 20 அன்று தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமானது. அதிலும் ஒரு கண்ணி வைத்தார்கள். கூலிக்கு ஆடுபவர் கோப்பைப் போட்டியில் இறங்க வேண்டுமானால், அந்தக் கிளப்பின் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் இந்த விதி கைவிடப்பட்டது. ஆனால் ரசிகரின் மனத்தில் அந்த ஆறு மைல் வட்டம் அழியவே இல்லை.

கூலி வந்ததும் கிளப்புகளுக்கு அடுத்த கவலை வந்தது. காசு கூடுதலாகத் தருபவரிடம் ஆட்டக்காரர் ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருந்தால் பணக்கார ஊர்களே வெல்லும், சிறிய ஊர்கள் அழியும். இந்தக் கவலை பொய்யானதும் அன்று. அதற்குத் தீர்வாக 1893இல் லீக் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், ஆனால் ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பிடமே இருக்கும். கிளப் விரும்பினால் அவரை நிறுத்திக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் விலை குறித்து விற்பனைப் பட்டியலில் போடலாம். பட்டியலில் போட்டவரை யாரும் வாங்காவிட்டால் அவர் கூலியும் இல்லாமல், வேறு லீக் கிளப்பில் ஆடவும் முடியாமல் கிடக்கவேண்டியதுதான். 1901இல் இதன்மேல் இன்னொரு பூட்டும் விழுந்தது. வாரத்துக்கு 4 பவுண்டுதான் உச்ச ஊதியம். தேர்ந்த தொழிலாளியின் கூலியைவிட அது அதிகம் என்பதால் வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அதில் அநியாயம் தெரியவில்லை.

ஆனால் ஆட்டக்காரரின் விலைக்கு உச்சவரம்பு நிற்கவில்லை. 1905இல் ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லேண்டிடமிருந்து மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்கு வாங்கியது. நாடே அதிர்ந்தது; மனிதருக்கு இப்படி விலை வைப்பதா என்று பத்திரிகைகள் கேட்டன. அந்த ஆயிரமும் சண்டர்லேண்டுக்குப் போயிற்று. காமனின் கூலி விதிப்படி 4 பவுண்டு.

ஹெர்பர்ட் கிங்கபி என்றொருவர். 1906இல் ஆஸ்டன் வில்லா இவரை வாங்கி, சில ஆட்டங்களில் ஆடவிட்டு, பிறகு வேண்டாம் என்றது. வேண்டாம் என்றதே ஒழிய விலையை விட்டுக்கொடுக்கவில்லை. பல ஆண்டு கழித்தும் அந்தப் பிடி அவரைத் துரத்தியது. வழக்குப் போட்டார், ஆட்டக்காரர் சங்கம் துணை நின்றது, 1912இல் தோற்றார்கள். ஏற்பாடு ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைக் கிளப் பயன்படுத்தியதில் குற்றமில்லை என்று முடிந்தது. வழக்குச் செலவில் சங்கமே ஆட்டம் கண்டுவிட்டது. கிங்கபியின் பெயர் எந்த ரசிகருக்கும் இன்று தெரியாது. விசுவாசத்தைப் பற்றிய பேச்சில் அவரைச் சேர்ப்பவரும் இல்லை. கிளப் ஆட்டக்காரருக்குக் காட்டவேண்டிய விசுவாசம் என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இந்த ஏற்பாடு எழுபது ஆண்டு நீடித்தது. அந்த எழுபது ஆண்டுகளில்தான் ஆங்கில ரசிகரின் மனமும் உருவாயிற்று என்பதை மறந்துவிடக்கூடாது. தந்தையின் தோளில் உட்கார்ந்து பார்த்த அதே முகங்களைப் பத்தாண்டு கழித்தும் பார்க்கலாம். ஆட்டக்காரர் தன் தெருவுக்கு அடுத்த தெருவில், கிளப்புக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்கு இருப்பார். மைதானத்துக்கு ரசிகர் ஏறிய பேருந்திலேயே ஏறுவார். அவர் கூலியும் தன் கூலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 1960இல் உச்ச ஊதியம் 20 பவுண்டு. ஆலையில் உழைக்கும் ஆணின் சராசரி ஊதியம் 15 பவுண்டை ஒட்டி இருந்தது. ‘நம்மவர்’ என்று ரசிகர் சொன்னபோது அதில் பொய் இல்லை. அந்த உறவு அருமையானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று கட்டாயம். மேலே இருந்து பார்த்தவருக்கு அந்தத் தூண் தெரியவில்லை.

கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. 1948இல் மிடில்ஸ்பரோவின் வில்ஃப் மேனியன், நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து மாதக்கணக்கில் ஆடாமல் இருந்து பார்த்தார். கடைசியில் திரும்பி வந்து அதே கிளப்பில் கையெழுத்திட்டார். 1955இல் தொழிற்சங்கப் பேராயத்தில் ஆட்டக்காரர் சங்கத்தின் ஜிம்மி கத்ரி, பிரிட்டனின் கடைசிக் கொத்தடிமைகளின் சார்பில் நிற்பதாகப் பேசினார். மிகைதான். ஆயினும் முதலாளியை மாற்ற முடியாத வேறு எந்தத் தொழிலாளி அன்று அங்கே இருந்தார்?

1960ஆம் ஆண்டின் இறுதியில் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாயிற்று. ஜிம்மி ஹில் தலைவர். மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. சிறிய அணியில் ஆடிய இளைஞர் ஒருவர் எழுந்து, என் தந்தை சுரங்கத்தில் வேலை செய்கிறார், நாம் வாங்கும் கூலியே போதும் என்கிறார் என்றாராம். போல்டன் அணியின் டாமி பேங்க்ஸ், தாமே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர், உடனே எழுந்தார். உன் தந்தையின் வேலையை நான் செய்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு முப்பதாயிரம் பேர் முன்னால் ஸ்டான்லி மேத்யூஸை மறித்து நிற்க அவர் வருவாரா என்று கேட்டாராம். கூட்டம் அந்தக் கணத்தில் முடிவாகிவிட்டது என்பார்கள். சுரங்கத்துத் தந்தையும் உண்மையைத்தான் சொன்னார். அவர் கண்ணால் பார்த்தால் புல்லில் ஓடுவதற்கு 20 பவுண்டு என்பது பெருங்கொடை. ரசிகரும் தொழிலாளியும் ஒருவரே ஆகிய அந்த மனிதர், ஆட்டக்காரரின் வேலையை வேலை என்று ஒப்பத் தயங்கினார். இன்றைய ரசிகரின் சலிப்பிலும் அந்தத் தந்தையின் குரலை நான் கேட்கிறேன்.

1961 ஜனவரியில் உச்ச ஊதியம் ஒழிந்தது. ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு பெற்றார். அந்தக் கிளப்பின் தலைவர் நகைச்சுவை நடிகரான டாமி டிரிண்டர்; வரம்பு நீங்கினால் ஹேன்ஸுக்கு நூறு தருவேன் என்று முன்பே வாய்விட்டிருந்தார், சொன்னபடி தந்தார். ஹேன்ஸ் 1970 வரை அதே கிளப்பில் இருந்தார். 658 ஆட்டங்கள், பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை.

ஊதியப் பூட்டு உடைந்தாலும் பதிவுப் பூட்டு இருந்தது. நியூகாசில் அணியின் ஜார்ஜ் ஈஸ்தம் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டார், மறுத்தார்கள். ஆட்டத்தையே விட்டுவிட்டுத் தெற்கே போய்த் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். 1960இன் பிற்பகுதியில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்றார்கள். தாம் கேட்டது கிடைத்துவிட்ட பிறகும் அவர் வழக்கைத் தொடர்ந்தார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த ஆளை நிறுத்திவைக்கும் அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். இந்த நீதிபதி, அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் கொள்ளுப்பேரன் வழியில் வந்தவர். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தவரை வாங்கவும் பணம் தரவேண்டும் என்ற நிலை மேலும் முப்பதாண்டு நீடித்தது. அதை முடித்துவைத்தவர் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன். 1990இல் லியெஜ் கிளப்புடன் ஒப்பந்தம் முடிந்து பிரான்சின் டன்கர்க் போக விரும்பியவரை லியெஜ் விலை பேசி மறித்தது. தங்கினால் நாலில் ஒரு பங்கு ஊதியம் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் பலர் கோடீசுவரர் ஆனார்கள். போஸ்மன் வறுமையிலும் குடியிலும் வீழ்ந்தார்.

தீர்ப்புக்குப் பிறகான ரசிகர் உலகத்தில் ஒரு சிறிய வேடிக்கையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஆலன் ஷியரர் 1996இல் 1.5 கோடி பவுண்டுக்கு நியூகாசில் வந்தார். அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காத விலை. மான்செஸ்டர் யுனைடெட்டை மறுத்துவிட்டுப் பிறந்த ஊருக்கு வந்த பிள்ளை என்று அந்நகரம் கொண்டாடியது. அவரும் ஓய்வு வரை அங்கேயே இருந்து 206 கோல் அடித்தார். விசுவாசத்துக்கு அவரும் உதாரணம். ஆனால் அவர் ஊர் திரும்பிய அதே நாளில் பிளாக்பர்ன் ஊர்க்காரர்களை விட்டுப் போயிருக்கிறார். ஒரு வருடம் முன்புதான் அவர்களுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்திருந்தார். நூற்றுப்பதினாறு ஆண்டுக்கு முன் சூட்டரைத் தட்டிப்பறித்த அதே பிளாக்பர்ன்.

இப்போது சோல் கேம்ப்பெல். வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் அணியில் சிறுவனாகச் சேர்ந்து, 1992இல் முதல் ஆட்டம் ஆடி, தலைவராக உயர்ந்தவர். 2001 கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. ஜூலையில் ஆர்சனல் கிளப் பத்திரிகையாளர்களை அழைத்தது. ரிச்சர்ட் ரைட் என்ற கோல்கீப்பரை அறிமுகப்படுத்தப் போகிறார்கள் என்று வந்தவர்கள் முன் கேம்ப்பெல் நடந்து வந்தார். ஆர்சனல் டாட்டன்ஹாமின் பரம்பரைப் பகை. இரண்டு மைதானங்களுக்கும் இடையே நான்கு மைல். டார்வெனுக்கும் பிளாக்பர்னுக்கும் இடையே இருந்ததும் அவ்வளவுதான். அந்த நவம்பர் 17 அன்று அவர் பழைய மைதானத்துக்கு எதிரணிச் சட்டையில் வந்தபோது ‘யூதாஸ்’ என்று எழுதிய பலூன்கள் பறந்தன. ஆட்டம் 1-1.

இதில் ரசிகரின் வழக்கை முதலில் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். போஸ்மன் தீர்ப்பின்படி டாட்டன்ஹாமுக்கு ஒரு பென்னியும் வரவில்லை. கேம்ப்பெல் ஓராண்டு முன்பே போக விரும்பியிருந்தால் பெருந்தொகைக்கு விற்று வேறு இருவரை வாங்கியிருக்கலாம். வளர்த்த கிளப் வெறுங்கையுடன் நின்றது. அந்தப் பணத்தையே ஊதியமாக அவர் எடுத்துக்கொண்டார் என்று ரசிகர் கருதினார். விவிலியத்தின் யூதாஸ் முப்பது வெள்ளிக்காசு வாங்கினான் என்பது குற்றம். இங்கே நம் பக்கம் வெள்ளிக்காசு வரவில்லையே என்பதும் மனக்குறையில் பாதி. போகவேண்டும் என்றால் உலகத்தில் எத்தனை கிளப் இருக்கிறது, அங்கேதானா போகவேண்டும் என்பது மறுபாதி. இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை, நெஞ்சில் இடமுண்டு. எனக்கும் அது புரிகிறது.

கேம்ப்பெல்லின் வழக்கும் எளிது. ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை உழைத்தார். அடுத்த நாள் வேறிடம் போனார். ஆசிரியரோ மருத்துவரோ இதைச் செய்தால் பிரிவுபசார விழா வைப்போம். ஆர்சனலில் முதல் ஆண்டே லீக் பட்டமும் கோப்பையும் வென்றார். 2003-04இல் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணியில் இருந்தார். தொழிலின் அளவுகோலில் அவர் முடிவு சரியானது என்பதை டாட்டன்ஹாம்காரர்களால் மறுக்க முடியாததும் அவர்கள் கோபத்தைக் கூட்டியிருக்கும்.

ஆனால் கோபம் கோபமாக நிற்கவில்லை. 2008 செப்டம்பரில் கேம்ப்பெல் போர்ட்ஸ்மத் அணியில் இருந்தார். ஆர்சனலை விட்டு வந்து இரண்டாண்டு. டாட்டன்ஹாம் அங்கே ஆட வந்தபோது, வந்த ரசிகரில் ஒரு கூட்டம் நிறத்தையும் ஆண்மையையும் இழிவுபடுத்தும் பாட்டை அவர்மேல் பாடியது. சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஏழாண்டு கழித்தும் தீராத அந்தப் பழியைச் செஞ்சோற்றுக் கடன் வசூல் என்று சொல்லி மறைக்க முடியாது. துரோகி என்ற சொல் ஒருவரின் நெற்றியில் ஒட்டப்பட்ட பிறகு, எதையும் சொல்லலாம் என்ற உரிமம் சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. டார்வென் கூட்டம் ஆடுகளத்தில் புகுந்தது தட்டில் போட்ட பென்னிக்காக. இது வேறு.

இவ்வளவையும் சொன்னபின் ரசிகரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. இந்த உலகத்தில் ஆட்டக்காரர் மாறலாம், பயிற்சியாளர் மாறலாம், உரிமையாளர் விற்றுவிட்டுப் போகலாம். ரசிகர் ஒருவருக்குத்தான் மாற்றப் பட்டியல் கிடையாது. ஊதியமில்லாத ஆயுள் ஒப்பந்தம் அவருடையது. தான் கட்டுண்டிருப்பதுபோல் மற்றவரும் கட்டுண்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு வருவது இயல்பு.

அப்படியானால் கிளப்பே போய்விட்டால்? ஆர்சனலே 1913இல் தெற்கு லண்டனின் வுல்விச் பகுதியிலிருந்து தேம்ஸ் ஆற்றைத் தாண்டி வடக்கே குடிபெயர்ந்த கிளப்தான். அந்தக் குடிபெயர்ச்சியிலிருந்துதான் டாட்டன்ஹாமுக்கு அவர்கள்மேல் பகை முற்றியது. ஆனால் விம்பிள்டனுக்கு நேர்ந்தது அதனினும் கொடிது.

தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன் கிளப் 1977இல் லீக்கில் நுழைந்து, ஒன்பதே ஆண்டில் முதல் டிவிஷனை எட்டி, 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1991இல் பிளவ் லேன் என்ற பழைய மைதானத்தை விட்டு வேறொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. கிளப்பை மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரத்துக்குக் கொண்டுபோக உரிமையாளர்கள் முனைந்தார்கள். ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 2002 மே 28 அன்று மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி தந்தது. ரசிகர்கள் ஊரிலேயே ஒரு புதிய கிளப்பை எழுப்புவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததாக இராது என்றும் அந்தக் குழு கருத்துரைத்தது. சூட்டரும் கேம்ப்பெல்லும் நான்கு மைல்தான் போனார்கள். இங்கே பெயரும் பதிவும் லீக் இடமும் சேர்ந்து எழுந்து போயின. மைதானத்தில் யாரைப் பார்த்து யூதாஸ் என்று கத்துவது?

ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்கவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஒரு கிளப்பைத் தாங்களே தொடங்கினார்கள், உரிமையாளர்களும் அவர்களே. ஆட்டக்காரர் வேண்டுமே. ஜூன் மாத இறுதியில் விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில் தேர்வு வைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். லீக் ஏணியின் அடியில் கிடந்த கம்பைண்ட் கவுன்டீஸ் லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பது பருவங்களில் ஐந்து படி ஏறி 2011இல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்ததும், 2020 நவம்பரில் பிளவ் லேனில் கட்டிய புதிய மைதானத்துக்குத் திரும்பியதும் பின்கதை.

எனக்கு அதில் முதல் நாளே போதும். 2002 ஜூலை 10, சட்டன் யுனைடெட் அணியுடன் நட்பு ஆட்டம். கிளப்புக்கு வயது ஆறு வாரம். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 4,657 பேர். களத்தில் இறங்கிய பதினொருவரில் பெரும்பாலோரின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதம் யார் இருப்பார், யார் போவார் என்பதும் தெரியாது. 4-0 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஓடிப்போய், தோற்ற அந்தப் பெயர் தெரியாத ஆட்டக்காரர்களைக் கட்டிக்கொண்டார்கள்.